ஸ்டாண்ட்பை மாசம்: கொழிஞ்சாம்பாறையில இருந்துட்டே ஐதராபாத் பேஸ் பாக்க முடியுமா?

கேள்வி, ஆகஸ்ட் 3, 2025

எனக்குப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை பக்கம். புதுசாச் சேர்ந்த துணை விமானி நான். ஏடிஆர்ங்கற ப்ரொப்பெல்லர் வெச்ச சின்ன விமானத்தை ஓட்டற தகுதி (டைப் ரேட்டிங்) முடிஞ்சு, நிஜ ஃப்ளைட்ல பழகற லைன் ட்ரெய்னிங் போயிட்டிருக்கு. பேஸ், அதாவது டியூட்டி ஆரம்பிக்கற ஊர், ஐதராபாத். ட்ரெய்னிங் முடிஞ்சு ரிலீஸ் ஆனதும் முதல் கொஞ்ச மாசம் ஸ்டாண்ட்பைதான் (கூப்பிட்டா உடனே வர்ற மாதிரி தயாரா இருக்கறது) அதிகம் விழும்ங்கறாங்க. அப்பா இல்லை, அம்மா தனியா இருக்காங்க. கோவையிலிருந்து ஐதராபாத்துக்கு தினம் ஃப்ளைட் இருக்கு, ஒன்றரை மணி நேரம். ஸ்டாண்ட்பை அன்னிக்கு வீட்லயே இருந்துட்டு, கூப்பிட்டா கிளம்பினாப் போதும், ரூம் வாடகையும் மிச்சம்ங்கறது என் கணக்கு. இப்படிச் செய்யறவங்க யாராவது இருக்கீங்களா?

ஆகஸ்ட் 3, இரவு

முடியாது தம்பி.

நானும் கொழிஞ்சாம்பாறைதான். அதே ஏடிஆர், இப்ப கமாண்டர் (கேப்டன்). வீட்டுக்காரர் இங்க தமிழ் மீடியம் ஸ்கூல்ல வாத்தியார். கேரளா பிஎஸ்சி எழுதி வாங்கின வேலை, ஐதராபாத்துக்கு மாத்தல் கேக்க முடியாது. அதனால எங்க வீட்ல போய்வர்ற ஆள் நான். முதல்ல பெங்களூர், அப்பறம் ஐதராபாத்.

ஒன்றரை மணி நேரம்ங்கறதை விடுங்க. வாசப்படியிலிருந்து எண்ணுங்க. வேலந்தாவளம், மதுக்கரை, அப்பறம் எல் அண்ட் டி பைபாஸ். அங்க ஒரு மணல் லாரிக்குப் பின்னால மாட்டினா நீலம்பூர் வரைக்கும் அவன் நம்பர் பிளேட்டைத்தான் படிச்சிட்டு வரணும். கோவை சித்ராவில ஏர்போர்ட்டுக்குள்ள நுழைஞ்சு காத்திருக்கற நேரம் தனி. ஐதராபாத் ஏர்போர்ட் இருக்கற ஷம்ஷாபாத்ல இறங்கி, யூனிஃபார்ம் மாட்டி, குடிச்சிருக்கமான்னு பாக்கற மெஷின்ல ஊதி, வானிலை பேப்பர் பாக்கணும். நீங்க போய் நிக்கற நேரத்துலயே ஒரு ஃப்ளைட் கிளம்புதுன்னு வெச்சாக்கூட அஞ்சு மணி நேரம் ஆயிடும். ஸ்டாண்ட்பைல கூப்பிட்டா, கம்பெனியைப் பொறுத்து, ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல ரிப்போர்ட் பண்ணியாகணும்.

ஷம்ஷாபாத்ல ஒரு கட்டில் பிடிங்க. ரூம் வேண்டாம், க்ரூ ஆளுங்க சேர்ந்து எடுக்கற வீட்ல ஒரு கட்டில் போதும்.

ஆகஸ்ட் 4

ஏர்போர்ட் ஸ்டாண்ட்பைக்கும் வீட்டு ஸ்டாண்ட்பைக்கும் வித்தியாசம் கேட்டிருக்கீங்க.

ஏர்போர்ட்ல உக்கார வெக்கறது எட்டு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. யூனிஃபார்மோட இருக்கணும். அங்கிருந்து ஒரு ஃப்ளைட்டுக்கு இழுத்தா, காத்திருந்த நேரம் முழுக்க டியூட்டிக் கணக்குல ஏறும். அது ஒரு வகையில நிம்மதி, எல்லாம் எழுத்துல இருக்கு. வீட்டு ஸ்டாண்ட்பைல நீங்க இருக்கற இடம் உங்க இஷ்டம், ஆனா ரிப்போர்ட் நேரத்துக்குள்ள வந்து சேர்ற இடமா இருக்கணும். கொழிஞ்சாம்பாறை அந்த வட்டத்துக்குள்ள வராது.

எதுக்குக் கூப்பிடுவாங்க? யாருக்கோ காய்ச்சல். யாரோ ராஜமுந்திரியில மழைக்கு மாட்டி, டியூட்டி நேரம் தீர்ந்துபோச்சு. ஏடிஆர் ஒரு நாளைக்கு நாலு சின்னச் சின்ன செக்டார் (ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊர்) பறக்கும். காலைல கடப்பாவில ஏற்பட்ட அரை மணி தாமதம் சாயங்காலம் திருப்பதி போறப்ப வளர்ந்து நிக்கும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஸ்டாண்ட்பை ஆள். ராத்திரி எங்க தங்குவோம்னு தெரியாது, அதனால பையில ரெண்டு செட் துணி எப்பவும் இருக்கட்டும்.

போன் அடிக்காத நாள்தான் பெரிய களைப்பு. இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஃப்ளைட் இருந்தா பறந்தோம், இறங்கினோம், தூங்கினோம். கூப்பிடுவாங்களான்னு தெரியாம படுத்திருந்தா அரைத் தூக்கம்தான். குளிக்கப் போறப்பவும் போன் பக்கெட்டுக்குப் பக்கத்துல. சினிமா கிடையாது. அடுப்புல பால் வெச்சா, பொங்கறதுக்குள்ள கூப்பிட்டுருவாங்களோன்னு ஒரு கண்ணு போன் மேல. நான் முதல்ல இருந்த கம்பெனியில, ஸ்டாண்ட்பை முடிய சில நிமிஷம் இருக்கறப்பக் கூப்பிடறதை ஒரு கலையாவே செஞ்சாங்க. பேர் வேண்டாம்.

ஆகஸ்ட் 9

டெக்சாஸ்ல இருக்கற ஒரு அண்ணன் எழுதியிருக்கார்: அங்க ரீஜனல் பைலட்டுங்க நிறையப் பேர் ஒரு ஊர்ல குடும்பம், இன்னொரு ஊர்ல பேஸ்னுதான் ஓட்டறாங்க, நீங்க ஏன் பயமுறுத்தறீங்கன்னு.

அண்ணா, அங்க இருக்கற வசதியைப் பாருங்க. வேற கம்பெனி பைலட்டைக்கூட காக்பிட் ஓரச் சீட்ல ஏத்திக்கலாம், அவர் நிஜமாவே பைலட்டான்னு கேட்லயே கம்ப்யூட்டர்ல சரி பாக்கற ஏற்பாடு இருக்கு. ஒரே ஊருக்கு நாலு கம்பெனி பறந்தா நாலுலயும் கை காட்டலாம். நமக்கு நம்ம கம்பெனி ஃப்ளைட்தான், அதுலயும் சீட் காலி இருந்தாத்தான். அப்பறம் அங்க ஸ்டாண்ட்பையே ரெண்டு மாதிரி. ஷார்ட் கால்னா ரெண்டு மணி நேரம் மாதிரிதான், பேஸ் பக்கத்துல இருந்தே ஆகணும். லாங் கால்னா கூப்பிட்ட பிறகு பத்து மணி நேரத்துக்குக் குறையாம அவகாசம் கிடைக்கும், ஊர்லயே இருந்துக்கலாம். சீனியாரிட்டி இருக்கறவன் லாங் கால் வாங்கிட்டு வீட்ல புல்லு வெட்டிட்டிருப்பான். புதுசாச் சேர்ந்தவனுக்கு ஷார்ட் கால். அவன் நியூயார்க்ல க்யூ கார்டன்ஸ் மாதிரி இடத்துல ஒரே வீட்ல பத்துப் பேரோட கட்டில் பகிர்ந்து படுத்திருப்பான். அந்தப் பகுதிக்கே "க்ரூ கார்டன்ஸ்"னு பட்டப்பேர் உண்டு. ஆக, அங்கயும் நம்ம தம்பி நிலைமையில இருக்கறவன் வீட்ல இல்லை.

பயமுறுத்தறேன்னீங்களே, அதுக்கு ஒண்ணு சொல்றேன். 2009 பிப்ரவரி 12, கோல்கன் ஏர் 3407. நியூவார்க்கிலிருந்து பஃபலோ. நம்ம ஏடிஆர் மாதிரியே டர்போப்ராப், பம்பார்டியர் க்யூ400. ஐம்பது பேர் செத்தாங்க, விமானத்துல 49, அது விழுந்த வீட்ல ஒருத்தர். கேப்டன் வீடு ஃப்ளோரிடாவில, துணை விமானி வீடு சியாட்டில் பக்கம். அந்தம்மா முந்தின ராத்திரி சரக்கு விமானத்துல ஏறி, மெம்ஃபிஸ்ல மாறி, விடியறப்ப நியூவார்க் வந்து சேர்ந்தாங்க. க்ரூ ரூம்ல கொஞ்சம் கண்ணயர்ந்திருக்காங்க. கேப்டனும் அதே க்ரூ ரூம்லதான் ராத்திரியை ஓட்டியிருக்கார். ரெண்டு பேருக்கும் அங்க கட்டில் இல்லை.

விபத்துக்குக் காரணம் அது இல்லை, அதைச் சரியாச் சொல்லணும். வேகம் குறைஞ்சு கட்டுப்பாட்டுக் கோல் அதிர்ந்து எச்சரிச்சப்ப, கேப்டன் மூக்கை இறக்கறதுக்குப் பதிலா மேல இழுத்தார். விசாரணை வாரியம் காரணம்னு எழுதினது அதைத்தான். களைப்பு ரெண்டு பேரோட செயல்பாட்டையும் பாதிச்சிருக்கலாம், எவ்வளவுன்னு நிர்ணயிக்க முடியலைன்னு தனியா எழுதினாங்க. அந்த விபத்துக்குப் பின்னாலதான் அமெரிக்காவில டியூட்டி நேர விதிகளை மாத்தி எழுதினாங்க, 2014 ஜனவரியில அமலுக்கு வந்துது. பத்து மணி நேர ஓய்வு, அதுல எட்டு மணி நேரம் இடையூறில்லாம தூங்க வாய்ப்பு, ஷார்ட் கால் பதினாலு மணி நேரத்துக்கு மேல கூடாது, இப்படி. ஆனா வீட்டிலிருந்து பேஸுக்கு வர்ற பயணத்தைப் பத்தி மட்டும் ஒரு வரம்பும் போடலை. 2011ல அங்க தேசிய அகாடமி ஒரு குழு போட்டு ஆராய்ஞ்சுது, விதி போடற அளவுக்குத் தரவு இல்லைன்னு முடிச்சாங்க. டியூட்டிக்குத் தகுதியா வர்றது பைலட் பொறுப்புன்னு நின்னுபோச்சு.

ஆகஸ்ட் 10

நேத்து எழுதினதைப் படிச்சா தூரத்தைக் குறை சொல்ற மாதிரி இருக்கு. எனக்குத் தூரம் பிரச்சினையே இல்லை. முந்தின ராத்திரி எங்க படுத்தீங்கங்கறதைத்தான் கேக்கறேன். ஐரோப்பிய வழிகாட்டுதல்ல பயணம் வழக்கமா 90 நிமிஷத்தைத் தாண்டினா பேஸ் பக்கத்துல தற்காலிகமாத் தங்க ஏற்பாடு பண்ணிக்கணும்ங்கறாங்க. சியாட்டில்காரருக்கும் அதுதான், நமக்கும் அதுதான், ஒயிட்ஃபீல்டுலருந்து பெங்களூர் ஏர்போர்ட் இருக்கற தேவனஹள்ளிக்குக் கார் ஓட்டறவனுக்கும் சில நாள் அதுதான்.

கம்பெனி உங்களை ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்குப் பயணியா அனுப்பினா அது பொசிஷனிங், டியூட்டியில சேரும். நீங்களா கோவையிலிருந்து வந்தா சேராது. ஒரே சீட், ஒரே ஃப்ளைட், பக்கத்துல ஒரு சக பைலட் பொசிஷனிங்ல உக்காந்திருப்பார். அவருக்குக் கடிகாரம் ஓடும், உங்களுக்கு ஓடாது.

ஆகஸ்ட் 12

கர்க்கடகம் (மலையாளத்து ஆடி) முடியப் போகுது, அதனால ஒரு கிளைக்கதை. எங்க பாட்டி ஆடி மாசம் ஆனா தசமூலாரிஷ்டம் ஒரு மூடி ஊத்தித் தராம விட மாட்டா. பைலட் வீட்ல அதெல்லாம் கூடாது தம்பி. அரிஷ்டத்துல நொதிச்சு வர்ற ஆல்கஹால் இருக்கு. பறக்கறதுக்கு முன்னால 12 மணி நேரம் சுத்தமா இருக்கணும், ரிப்போர்ட் பண்றப்ப மெஷின்ல ஊதணும். மவுத்வாஷ் விஷயத்துலகூட எச்சரிக்கை வந்தாச்சு. ஸ்டாண்ட்பைக்காரனுக்கு எப்ப பறக்கப் போறோம்னே தெரியாது, அதனால அவனுக்கு 12 மணி நேரம் எப்பவுமே ஓடிட்டிருக்கு. பாட்டிகிட்ட மருந்துக்கஞ்சி மட்டும் வாங்கிக் குடிங்க. நான் அதைத்தான் செய்யறேன், அவளுக்கு இன்னும் கோவம்.

செப்டம்பர் 2

ஓணம் வாரம். வெள்ளிக்கிழமை திருவோணம். ஸ்டாஃப் டிக்கெட்ல ஊருக்கு வரலாம்னு இருக்கறவங்க இப்பவே மனசைத் தேத்திக்குங்க. காலி சீட் இருந்தா ஏத்துவாங்க, இந்த வாரம் காலி சீட் இருக்காது. காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவங்க, அப்பறம் கம்பெனி பொசிஷனிங், அப்பறம் சீனியர், அதுக்கப்பறம் நாம.

எப்பவுமே கடைசி ஃப்ளைட்டை நம்பி ஊர்ல இருந்து கிளம்பாதீங்க. அதுக்கு அடுத்து இன்னொண்ணு இருக்கணும். அமெரிக்காவில பல கம்பெனி ஒப்பந்தத்துலயே இது உண்டு. ரெண்டு ஃப்ளைட்டுக்கு முயற்சி பண்ணி ரெண்டும் கிடைக்கலைன்னா தண்டனை இல்லை, ஒண்ணே ஒண்ணை நம்பி வந்தா அது உங்க தலையில.

செப்டம்பர் 3

விமான டிஸ்பாட்ச்ல இருக்கற ஒருத்தர் சேர்த்திருக்கார், சரியான விஷயம்: கடைசி ஃப்ளைட் நிறையறதை விட அது தாமதமாகறதுதான் அதிகம். அதே விமானம் காலையிலிருந்து ஓடி, எல்லாத் தாமதத்தையும் சுமந்துட்டுத்தான் ராத்திரி கோவைக்கு வருது. ஜூன்லருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற. வாளையாருக்கும் கோவைக்கும் நடுவுல அது கிளம்பினா ஏடிஆர் ஆடற ஆட்டம் உள்ள உக்காந்து பாத்தவங்களுக்குத் தெரியும். அதனால சாயங்கால ஃப்ளைட்டைப் பிடிங்க, ராத்திரியதை அவசரத்துக்கு வெச்சுக்குங்க.

செப்டம்பர் 14

ரயில் ஏன் கூடாதுன்னு மூணு பேர் கேட்டாச்சு. கூடும். பேஸ் எதுங்கறதைப் பொறுத்தது.

பெங்களூர் பேஸா இருந்தப்ப கன்னியாகுமரியிலிருந்து வர்ற ஐலண்ட் எக்ஸ்பிரஸ்தான் என் வண்டி. ராத்திரி பாலக்காட்டுல ஏறி, விடியக்காலை கிருஷ்ணராஜபுரம். ஆனா தேவனஹள்ளி ஊருக்கு வெளிய இருக்கு, வாயு வஜ்ரா பஸ்ஸோ டாக்சியோ பிடிச்சுப் போகணும். அப்பறம் வாளையார் காடு. மதுக்கரை வரைக்கும் யானை தண்டவாளம் கடக்கற இடம், ராத்திரி வண்டியெல்லாம் மெதுவாத்தான் போகும். 2024ல மதுக்கரையில யானையைக் கேமரா வெச்சுக் கண்டுபிடிச்சு டிரைவருக்குச் சொல்ற ஏற்பாடு வந்தாச்சு. நல்ல விஷயம். ரயில்ல படுத்துட்டு வந்தா தூங்கினதாக் கணக்கு வெக்கலாமான்னு கேட்டா, எனக்கு ஸ்லீப்பர்ல சைடு அப்பர் கிடைச்ச ராத்திரியெல்லாம் கணக்குல வராது. காலைல வந்து, கட்டில்ல மத்தியானம் வரைக்கும் படுத்து, சாயங்காலம் ரிப்போர்ட்னா சரி. வந்து இறங்கி நேரா ரிப்போர்ட்னா வேண்டாம்.

ஐதராபாத்துக்கு ரயில் நினைக்காதீங்க. சபரி எக்ஸ்பிரஸ்ல ஏறினா மறுநாள்தான் செகந்திராபாத், அங்கிருந்து ஷம்ஷாபாத் இன்னொரு பயணம்.

செப்டம்பர் 27

கட்டில் பிடிச்சாச்சுன்னு தம்பி எழுதியிருக்கார். சந்தோஷம். வாடகை அதிகம்ங்கறார். ஸ்டாண்ட்பைல ஒரு தடவை ரிப்போர்ட் தவறினா வர்ற கடிதத்தோட ஒப்பிட்டா இல்லை.

பெண் பைலட் ஒருத்தர் தனியாக் கேட்டதுக்கும் இங்கயே சொல்றேன், மத்தவங்களுக்கும் ஆகும். வீடு பாக்கறப்ப ஏசி, வைஃபை எல்லாம் அப்பறம். கம்பெனி வண்டி அந்தத் தெரு வரைக்கும் வருமா, இல்லை மெயின் ரோட்லயே நின்னுடுமான்னு முதல்ல கேளுங்க. விடியறதுக்கு முன்னால மூணு மணிக்கு இருட்டுல பெட்டியை இழுத்துட்டு நடக்கறது நாமதான். சாவி யார் யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. கேபின் க்ரூவும் பைலட்டும் கலந்து இருந்தா ஆளுக்கொரு நேரம் எந்திரிப்பாங்க, அலாரத்தை அதிர்வுல போட்டுத் தலகாணிக்கடியில வெக்கறதுன்னு எங்க வீட்ல சட்டம். மீறினவங்க அந்த வாரம் பாத்திரம் கழுவணும். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, ஆந்திரா மெஸ்ல பருப்புப்பொடியும் கோங்குராவும் இருக்கறப்ப என்ன. மட்டை அரிசி மட்டும் ஊர்லருந்து கொண்டு போவேன்.

நவம்பர் 16

டிஜிசிஏ (விமானத் துறையைக் கண்காணிக்கற அரசு அமைப்பு) விதிப்படி ஜூலையிலிருந்து வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்துலருந்து 48 ஆனது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எவ்வளவு பெரிசுன்னு வெளிய இருக்கறவங்களுக்குப் புரியறதில்லை. ராத்திரி பத்து மணிக்கு டியூட்டி முடியுதுன்னு வைங்க. கோவை ஃப்ளைட் போயாச்சு. ஷம்ஷாபாத்ல படுத்து, மறுநாள் மத்தியானம் வீடு. 36 மணி நேரம்னா அதுக்கடுத்த நாள் காலை பத்துக்கு ரிப்போர்ட், அதனால வீட்டுக்கு வந்த அன்னிக்கு சாயங்காலமே பெட்டியை எடுக்கணும். பையன் ஸ்கூல் விட்டு வர்றப்ப நான் கிளம்பிட்டிருப்பேன். 48னா ஒரு முழு ராத்திரி, மறுநாள் எல்லாரோடயும் மத்தியானச் சாப்பாடு. மத்தியானமே டியூட்டி முடிஞ்ச அதிர்ஷ்டசாலிக்கு ரெண்டு ராத்திரி.

இந்த மாசத்துலருந்து ராத்திரிப் பறப்பு விதியும் இறுகியிருக்கு. ராத்திரின்னா 12 மணியிலிருந்து காலை 6 வரைக்கும், அந்த நேரத்துல பைலட் பண்ணக்கூடிய லேண்டிங் ஆறுல இருந்து ரெண்டா ஆச்சு. ஏடிஆர்காரங்களுக்கு ராத்திரிப் பறப்பு குறைவு, ஆனா விடியக்காலை ரிப்போர்ட் நிறைய.

டிசம்பர் 7

இந்த வாரம் என்ன நடந்ததுன்னு டிவி பாத்த எல்லாருக்கும் தெரியும். நாட்டோட பெரிய கம்பெனி இண்டிகோ 5ஆம் தேதி ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல ஃப்ளைட்டை ரத்து பண்ணுச்சு. புது விதிக்கு வேண்டிய ஆள் கையில இல்லை. விதி 2024 ஜனவரியிலயே வெளியானது, திடீர்னு வந்து குதிக்கலை. என் சித்தப்பா போன் பண்ணி, பைலட் எல்லாம் தூங்கணும்னு அடம்பிடிச்சுத்தான் இப்படி ஆச்சாமேங்கறார். அவருக்கு ஸ்டாண்ட்பைன்னா என்னன்னு இருபது நிமிஷம் விளக்கினேன். கடைசியில, "அப்ப நீ சும்மா படுத்திருக்கறதுக்கும் சம்பளம் கொடுக்கறாங்களா?"ன்னார். ஆமாங்க சித்தப்பா, அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிச்சா இப்படித்தான் ஆகும்.

இதுல நம்மளைத் தொடற விஷயம் ஒண்ணு. லீவை வாராந்தர ஓய்வுக்குப் பதிலாக் கழிக்கக் கூடாதுன்னு இருந்ததை அதே 5ஆம் தேதி டிஜிசிஏ வாபஸ் வாங்கிடுச்சு. லீவையும் ஓய்வையும் ஒட்ட வெச்சு ஊருக்கு வர்றதுதான் நம்ம வழக்கம். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிட்டா ஊர்ல ரெண்டு நாள் குறையும். ஜனவரி லீவு எழுதறவங்க ரோஸ்டர்ல எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு எழுதுங்க.

டிசம்பர் 28

தம்பி ஸ்டாண்ட்பை குறைஞ்சு லைன் (முன்கூட்டியே குறிச்சுக் கொடுக்கற ஃப்ளைட்) கிடைக்க ஆரம்பிச்சிருக்கறதாச் சொல்றார். இப்ப உங்க பழைய கணக்கு கொஞ்சம் உயிர் பிடிக்கும். சாயங்கால ரிப்போர்ட்டா, முந்தின நாளே வந்து கட்டில்ல தூங்குங்க. மூணு நாலு நாள் வேலையும் அப்பறம் ஓய்வும் சேர்ந்து வர்ற மாதிரி கேளுங்க. ஊடால ஒரே ஒரு நாள் காலியா விழுந்தா ஊருக்கு ஓடாதீங்க. டியூட்டிக்கும் டியூட்டிக்கும் நடுவுல 12 மணி நேரமோ, முந்தின டியூட்டி நீளமோ, எது அதிகமோ அதுதான் ஓய்வு. அதுல பாதியைப் பைபாஸ்ல கழிக்கலாம்னு நினைப்பு வரும், அம்மா கூப்பிடறப்ப இன்னும் வரும். அம்மாவை ஒரு தடவை ஷம்ஷாபாத் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க, அதுக்கப்பறம் எங்க அம்மா கூப்பிடறதைக் குறைச்சுட்டாங்க.

வேற கம்பெனிக்கு மாறலாமான்னா, துணை விமானிக்கு ஆறு மாசம் நோட்டீஸ், கமாண்டருக்கு ஒரு வருஷம். கோவை பேஸ் திறந்தா நல்லாருக்கும்னு ஆசைப்படறவங்க வரிசை நீளம், நான் அதுல முன்னால நிக்கறேன். விமானம் ராத்திரி நிறுத்தி, காலைல இங்கிருந்து கிளம்பற எண்ணிக்கை கூடணும்.

பேஸ் மாத்த விண்ணப்பத்துல கொச்சியை முதல் சாய்ஸாப் போடலாமான்னு கேட்டீங்க. ரோட்டு வழியாப் பக்கம்னு தோணும். குதிரான் குகைப்பாதை வந்த பிறகு திருச்சூர் வரைக்கும் பரவாயில்லை, அதுக்கப்பறம் சாலக்குடி பக்கமெல்லாம் 2025ல ரோட்டு வேலை, அந்த நெரிசலுக்காகத்தான் ஆகஸ்ட்ல ஹைகோர்ட் பாலியேக்கரை டோலையே நிறுத்தி வெச்சுது. நான்னா சென்னையை முதல்ல போடுவேன். பாலக்காட்டுல ராத்திரி மெயில் ஏறினா காலைல சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோ நேரா ஏர்போர்ட், நடுவுல மாற வேண்டாம். மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் கட்டில் கிடைக்கும், தமிழ்ல வாடகை பேசலாம். ஐதராபாத்தை ரெண்டாவதாப் போடுங்க, ஏற்கனவே கட்டில் இருக்கு. ஃபார்ம் கொடுத்ததும் ஒரு நகல் எடுத்து வெச்சுக்குங்க.